இடது காதில் ஏழு

திமிலைதீவுப் பக்கம், ஓடுபாதை
வாவிக்குள் கால் நனைக்கப் போய் நின்றுவிட்ட இடத்தில்
தகரக் கூரை போட்ட ஓர் அறை.
குளிரூட்டி பாதி நாள் வேலை செய்யும்.
மேசை, மடிகணினி, ஒரு ஹெட்போன்.
விமானம் ஓட்ட வருகிறவர்களின் கவனத்தை
இங்கேதான் அளக்கிறேன்.

விதி சின்னது.
வலது காதில் எண்கள், இடது காதில் வேறு எண்கள்,
ஒரே நேரத்தில், வினாடிக்கு இரண்டு.
தடித்த மணி கேட்டால் வலது. மெல்லிய மணி கேட்டால் இடது.
சொன்ன பக்கத்தை எழுது. மற்றதை விடு.

காது எவருக்கும் பழுதில்லை.
விடுவதில்தான் வழுக்குகிறார்கள்.
மணி மாறும் கணத்தைப் பார்க்கவேண்டும்:
பேனை இடதுக்கு வந்துவிடும்,
மனம் வலது காதின் வாசலில் நின்று
இன்னும் செருப்புத் தேடிக்கொண்டிருக்கும்.
அந்த அரை வினாடியைச் சிவப்பில் குறிப்பேன்.
அரை வினாடிக்குள் விமானம் எத்தனை அடி இறங்கும் என்று
சுவரில் ஓர் அட்டவணை தொங்குகிறது.
ஒருத்தரும் வாசிப்பதில்லை.

எண்களைச் சொல்வது என் குரல்.
நான்கு வருடம் முன், கல்லடி வாடகை வீட்டின் பின்னறையில்,
ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்து
மின்விசிறியை நிறுத்தி
வேர்த்து வேர்த்துப் பதிந்தது.
ஸ்டூடியோவுக்குக் காசு தருவதாய்ச் சொன்னவர்கள் தரவில்லை.

நேற்று நிந்தவூரிலிருந்து நுஸ்கி வந்தான்.
கல்முனையில் பஸ் மாறி, நின்றுகொண்டே வந்த களைப்பு.
நாற்பத்தெட்டு மாற்றங்கள். ஒரு சிவப்பும் விழவில்லை.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டான்:
"மிஸ், அண்டைக்குக் கீரி வாங்கினீங்களா?"

என்ன கீரி?

"ரெண்டாம் பகுதியில, இடது பக்கம், ஒன்பதுக்குப் பின்னால
மீன்காரர் ஹோன் அடிச்சிட்டுப் போறாரு.
கீரி, கீரி எண்டு. ரெண்டு தரம்."
கொஞ்சம் நிறுத்தி,
"இன்னொண்டும் கேட்டுச்சு. சரி, அது பரவாயில்ல மிஸ்."

படிவத்தில் இதற்குப் பெட்டி கிடையாது.
'தேர்ச்சி' என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு,
அழித்து, மறுகா போட்டேன்.

அவன் போனபிறகும் அறையைப் பூட்டவில்லை.
வெளியே, ஓடுபாதையில் இறங்கிய கொக்குகளைக் கலைக்க
பட்டாசுப் பெட்டியோடு ஒருவர் சைக்கிளில் போனார்.
நான் ஹெட்போனை மாட்டினேன்.
எண்களை விட்டு மீன்காரரைப் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான்.
முடியவில்லை.
என் குரலே எனக்குக் குறுக்கே குறுக்கே வந்தது.
நான்கு. ஒன்று. எட்டு.
என்னை மறந்து நானும் எண்களை எழுதத் தொடங்கியிருந்தேன்.

மூன்றாம் தரம் அகப்பட்டார்:
ஹோன், கீரி, சைக்கிள் செயினின் கரகரப்பு,
றெஜிபோம் பெட்டி மூடும் சத்தம்.
அவருக்கும் பின்னால், அறைக் கதவில்
ஒரு சின்னக் கை. பலமில்லாத தட்டல்.
"அம்மா, கதவத் தொறங்க. அம்மா."

யாழிகா. அப்போது மூன்று வயது.
பசியா, பல்லியைக் கண்டாளா, வெறுமனே கூப்பிட்டாளா,
இனிக் கேட்டாலும் அவளுக்கு நினைவிராது.
நூற்றுப் பதினாறு பேர் இந்த ஒலியைக் கேட்டிருக்கிறார்கள்.
அவளைக் கேட்காமல் விட்டதற்கு
நான் புள்ளி போட்டிருக்கிறேன்.

அவள் தட்டுகிறாள்.
இடது காதில் நான் 'ஏழு' என்கிறேன்,
நடுங்காமல், துலக்கமாக,
ஓர் இம்மியும் பிந்தாமல்.